ரன்வேக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு

எங்க தொழில்ல ஒழுங்கா வேலை பார்த்தா எதுவுமே நடக்காது. அதனாலயே நாங்க வேலை பார்க்கிறோம்னு ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.

நான் ரஹீமா. சொந்த ஊரு திண்டுக்கல். வேலை, நெரிசலான ஒரு பெரிய ஏர்போர்ட்டோட கண்ட்ரோல் டவர்ல. எந்த ஏர்போர்ட்டுன்னு கேக்காதீங்க, மெமோ வந்துரும். எந்த விமானம் எப்ப இறங்கணும், எது எப்பக் கிளம்பணும்னு மைக்குல சொல்றது நான்தான். என்ன வேலை பார்க்கிறோம்னு சொந்த வீட்டுக்கே விளக்க முடியாம தவிக்கிறவங்க எத்தனையோ பேரு இருக்கீங்க. உங்களுக்குத்தான் என் வயித்தெரிச்சல் புரியும்.

கொடி

லீவுல ஊருக்கு வந்தா பேகம்பூர்ல ஒரு கல்யாணமாவது இருக்கும். போன தடவை பந்தியில பக்கத்துல உக்காந்த மாமி ஒருத்தங்க என் வேலையப் பத்தி விசாரிச்சாங்க. நானும் பிரியாணி ஆறிப்போற அளவுக்கு விளக்கினேன். ஒரு நாளைக்கு எத்தனை விமானம் வரும், ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் எம்புட்டு இடைவெளி விடணும், ரெண்டு நிமிஷம் கவனம் பிசகுனா என்ன ஆகும்னு எல்லாத்தையும் சொன்னேன்.

மாமி உச்சுக் கொட்டிக்கிட்டே கேட்டாங்க. அப்புறம் என் கன்னத்தைத் தடவி, "அதான் இப்படிக் கறுத்துட்டியா தாயி? நாள் பூரா வெயில்ல நின்னு கொடி காட்டணும்ல!"ன்னாங்க.

திருப்பிச் சொல்லுங்க

நாங்க ஒண்ணு சொன்னா பைலட் அதை அப்படியே திருப்பிச் சொல்லணும். வெறும் "சரி" எங்ககிட்டச் செல்லாது. இந்தப் பழக்கம் வீட்டுலயும் தொத்திக்கிச்சு. "முருங்கக்கா மூணு, சின்ன வெங்காயம் அரைக்கிலோ, திருப்பிச் சொல்லுங்க மச்சான்"னு என் வீட்டுக்காரரை வாசல்லயே நிறுத்துவேன். அந்த மனுசன் பொறுமைசாலி, சொல்லிட்டுத்தான் போவாரு.

நாத்தனார் மக கல்யாணத்துக்குச் சின்னாளப்பட்டியில பன்னெண்டு சுங்குடிச் சேலை ஆர்டர் குடுத்தோம். உடம்பு பச்சை, பார்டர் சிவப்பு. கடைக்காரர் "சரிம்மா, சரிம்மா"ன்னு எழுதிக்கிட்டாரு. "எழுதினதைத் திருப்பிப் படிங்கண்ணே"ன்னேன். மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுப் படிச்சா, உடம்பு சிவப்பு, பார்டர் பச்சை! நாத்தனார் என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிச்சு. கடைக்காரர் அடிச்சுத் திருத்தி எழுதிட்டு, "ஏம்மா, நீங்க எந்தப் பள்ளிக்கூடத்துல டீச்சர்?"னு கேட்டாரு.

என் தப்பு

ஊருக்கே இப்படிப் பாடம் எடுத்த நான்தான் ஒரு நாள் கோட்டை விட்டேன். ரன்வேயில செத்த பருந்து ஒண்ணு கிடக்குன்னு தகவல் வந்துச்சு. அதை எடுக்க ஒரு ஜீப்பை உள்ள அனுப்பினேன். எங்க மேஜையில ஒவ்வொரு விமானத்துக்கும் தகரச் சட்டத்துல மாட்டின ஒரு சீட்டு இருக்கும். இறங்க அனுமதி குடுக்கும்போது அந்தச் சீட்டை 'ரன்வே'ங்கிற கட்டத்துக்குத் தள்ளிட்டுத்தான் வாயைத் திறக்கணும். உள்ள ஜீப் இருந்தா அந்தக் கட்டத்துல ஒரு சிவப்பு அட்டையை வைக்கணும். ரெண்டு நிமிஷ வேலைதானேன்னு நான் வைக்கல.

அந்த நேரம் பார்த்து ஒண்ணு மாத்தி ஒண்ணா ரெண்டு போன். பேசி முடிச்சு நிமிர்ந்தா கட்டம் காலியா இருந்துச்சு. அடுத்து வந்த விமானத்தை இறங்கச் சொல்லிட்டேன். நல்ல வெயில், பைலட்டுக்குக் கண்ணும் நல்ல கண்ணு. "டவர், ரன்வேயில ஒரு ஜீப் நிக்குது, நாங்க திரும்ப மேல போறோம்."

டிரம்முக்குள்ள ஆளு

அன்னைக்கே மைக்கை வாங்கிட்டாங்க. மறுபடி உக்காரணும்னா அதிகாரி முன்னால வேலை செஞ்சு காட்டிப் பரீட்சையில தேறணும். தோத்தா காலம் பூரா ஃபைல் கட்டுற செக்‌ஷன்தான். லீவு போட்டு ஊருக்கு வந்தவ சோறு தண்ணி இறங்காமக் கிடந்தேன். அந்த ஜீப்புல ரெண்டு பேரு இருந்தாங்க. அவங்க முகம் கண்ணுக்குள்ளயே நின்னுச்சு. இனி அந்த நாற்காலிக்கு நான் லாயக்கில்லைன்னே முடிவு பண்ணிட்டேன்.

மச்சான் தோல் பதனிடுற ஷாப்புல மேஸ்திரி. அங்க தோலை ஊறப்போட்டுச் சுத்த விடுற மரடிரம் ஒவ்வொண்ணும் ஒரு அறை அளவு இருக்கும். சுத்தம் பண்ண ஆளு உள்ள இறங்கும்போது, யாரும் தெரியாம டிரம்மை ஓட்டிடாம இருக்க, சுவிட்ச் பெட்டியைப் பூட்டி, சாவியைத் தன் இடுப்புலயே முடிஞ்சுக்குவாரு. வெளிய வந்து அவரேதான் திறக்கணும். அந்த லீவுல ஒரு நாள் மச்சானே உள்ள இறங்கினாரு. வெளிய வந்தவரு, திறக்க மறந்து, இடுப்புச் சாவியோட மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துட்டாரு. அங்க டிரம் ஓடல, சரக்கு நிக்குது. முதலாளி போன்ல கத்துறது அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. இவரு சோத்துக் கையோடயே நிதானமா, "திட்டுங்க முதலாளி, திட்டு வாங்க ஆளு முழுசா இருக்கேன்ல?"ன்னாரு.

பரீட்சை

நான் அந்தச் சாவியையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அன்னைக்குச் சாயந்தரமே வீட்டு பீரோ மேல சும்மா கிடந்த திண்டுக்கல் பூட்டு ஒண்ணை எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். கையில வச்சா நல்ல கனம்.

பரீட்சை அன்னைக்கு ஜீப் உள்ள போனதும் சிவப்பு அட்டையை வச்சு, அது மேல 'ணங்'னு பூட்டையும் வச்சேன். அட்டை நழுவும், மத்த சீட்டோட கலக்கும். பூட்டு அசையாது. "வெளிய வந்துட்டேன்"னு ஜீப்காரர் தன் வாயால சொல்ற வரைக்கும் அது இருந்த இடத்துலயே இருந்துச்சு. பக்கத்து நாற்காலி சுரேஷ் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சான். பரீட்சை வைக்க வந்த அதிகாரி நம்ம ஊருப் பக்கத்து ஆளு, வடமதுரைக்காரர். பாஸ்னு கையெழுத்துப் போட்டுட்டு, பூட்டைத் தொடாம எட்டி நின்னு, "ஏம்மா, செய்வினை கிய்வினை இல்லையே?"ன்னாரு.

ணங்

அடுத்து வந்தது மழைக்காலம். ஒரு காலையில ரன்வேயில தண்ணி நிக்குதான்னு பார்க்க ஜீப் போயிருந்துச்சு. கட்டத்துல பூட்டு இருந்துச்சு. என் ஷிப்ட் முடியுற நேரம். ஜீப் உள்ள இருக்குன்னு சுரேஷ்கிட்டச் சொன்னேன், அவனும் திருப்பிச் சொன்னான். என் நாற்காலியில உக்காந்ததும் அவனுக்குப் போனு மேல போனு. அடிச்ச மழையில ஜீப்பு எங்களுக்கே தெரியல. இறங்குற விமானம் பக்கத்துல வந்துருச்சு. சுரேஷ் அதோட சீட்டை எடுத்துக் கட்டத்துக்குத் தள்ளினான்.

ணங்! சீட்டு பூட்டுல முட்டி நின்னுச்சு. அவன் வாயும் அப்படியே நின்னுச்சு. மறு விநாடி, "இறங்காதீங்க, மேல போங்க"ன்னு சுத்தமாச் சொன்னான். பைலட் அப்படியே திருப்பிச் சொன்னாரு. எங்க தலைக்கு மேல விமானம் உறுமிக்கிட்டு ஏறினப்ப, யா அல்லா, அந்தச் சத்தம் மாதிரி ஒரு சந்தோசம் என் வாழ்க்கையில இல்ல! கதவுகிட்ட நின்ன எனக்கு வாயெல்லாம் பல்லு. ஜீப்பு பத்திரமா வெளிய வந்ததும் சுரேஷ் பூட்டை ரெண்டு கையாலயும் எடுத்து நீட்டி, "அக்கா, அன்னைக்குச் சிரிச்சதை மனசுல வைக்காதீங்க, எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க"ன்னான்.

பத்துப் பூட்டு

சுரேஷ் கேட்டதைப் பார்த்து டவரே கேட்டுச்சு. அடுத்த லீவுல நாகல் நகர் பூட்டுப் பட்டறைக்கு மச்சானையும் கூட்டிக்கிட்டு ராணி மாதிரி போனேன். பத்துப் பூட்டு, இருக்கிறதுலயே கனமானதா, சாவி தேவையில்லைன்னு சொன்னேன். பழக்க தோசத்துல "திருப்பிச் சொல்லுங்கண்ணே"ன்னும் சொன்னேன்.

பட்டறைக்காரர் அரத்தைக் கீழ வச்சுட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாரு. "பத்துப் பூட்டு, நல்ல கனமா, சாவி வேணாம். திருப்பிச் சொல்லிட்டேன் தாயி. இப்ப நீ சொல்லு, பூட்டுறதுக்கு வாங்குறியா, பேப்பர் பறக்காம வைக்க வாங்குறியா?"

பத்துப் பூட்டும் இப்ப டவர்லதான் இருக்கு. மாஷா அல்லா, அன்னையில இருந்து அங்க எதுவுமே நடக்கல.