கொழுந்து பறந்து வந்த பாட்டு

எங்கள் குடும்பத்தில் நலுங்குக்கு ஒரு வழக்கம் உண்டு. மணப்பெண்ணைப் பெற்றவள் பாட்டின் முதல் அடியை எடுக்காமல் யாரும் மஞ்சள் கிண்ணத்தில் கை வைக்கக் கூடாது. எங்கள் அம்மா எனக்கு எடுத்தாள், என் தங்கைக்கும் எடுத்தாள். தங்கை மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்தபோது, தங்கைக்குக் காது போய் வெகு காலம் ஆகியிருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் பொன்முடி தேயிலை எஸ்டேட்டில், கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் பிறந்தவர்கள். நான் கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்து, வலியசாலைப் பக்கம் வாடகை வீட்டில் மாவரைத்து விற்று என் மகனை ஆளாக்கினேன். யார் முன்னாலும் கை நீட்டியதில்லை. தங்கை அங்கேயே கொழுந்து கிள்ளிக்கொண்டு இருந்துவிட்டாள். ஒரு மழைக்காலத்துக் காய்ச்சல் இறங்கும்போது அவள் காதையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டது. அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் பாடிக்கொண்டுதான் இருந்தாள். லயத்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரிப்பதைப் பார்த்த அன்று பாட்டை விட்டாள். பேச்சையும் உதட்டோடு வைத்துக்கொண்டாள்.

"நலுங்குக்கு நீ பாடிரு அக்கா," என்றாள்.

அவள் உள்ளங்கையைப் பிடித்து விரலால் எழுதினேன். "பெற்றவள் நீ." நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்து ஒவ்வொன்றாகத்தான் வரும்.

"நீ எழுதி முடிக்கதுக்குள்ள அவ பிள்ளையே பெத்துருவா," என்று கையை இழுத்துக்கொண்டாள். சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "எங்க தொடங்கணும், எங்க நிறுத்தணும்னு தெரியாம நடுவுல மாட்டிக்கிட்டேன்னா? மாப்பிள்ளை வீட்டாளுக முன்னால என் மக தலையத் தொங்கப் போடணுமா?"

அவள் இடத்தில் நான் உட்கார மாட்டேன் என்று மட்டும் தெரிந்தது. நான் திரும்பிய பஸ் வளைவு வளைவாக மலை இறங்க, மஞ்சு என்று நாங்கள் சொல்லும் மூடுபனி ஜன்னலுக்குள் வந்து என் மடியில் உட்கார்ந்தது. அடிவாரத்து வித்துரா வரும்வரை அந்த வெள்ளைக்குள் அவள் பழைய குரலைத் தேடிக்கொண்டே வந்தேன்.

என் மருமகளுக்குக் கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு ஸ்டுடியோவில் வேலை. கம்ப்யூட்டரில் படத்தை வெட்டி ஒட்டுவாள், மாப்பிள்ளை பெண் பேரைச் சுற்றி இதயம் பறக்கவிடுவாள். இந்த ஊரிலேயே பிறந்து மலையாளத்தில் படித்தவள். அவளிடம் சொன்னேன். அவள் கஞ்சியில் கையை வைத்தபடியே யோசித்தாள்.

"அத்தே, சித்திக்குக் காது கேக்காது. கண்ணு காணுமல்லே? பாட்டைக் கண்ணுல காட்டினா மதியே, போதுமே."

"பாட்டை எப்படி மக்களே காட்ட?" மருமகளை நான் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவேன்.

"நீங்க பாடுங்க. நீங்க பாடுற வார்த்தையெல்லாம் அந்தந்த நேரத்துல டிவில எழுந்து வரும். இதுவரை பேரு மாத்திரம்தான் ஓட விட்டிருக்கேன். ஒரு முழுப் பாட்டு செய்ததில்லை. செய்து பாக்கலாமே."

வேலை இல்லாத ஒரு பகலில் என்னை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனாள். குளிரூட்டிய சின்ன அறை. நாற்காலியில் உட்கார வைத்து, வாய்க்கு முன்னால் மைக்கை நிறுத்தினாள். பாடினேன்.

மஞ்சு வந்து மலைமேல மடங்கி உக்காருது
மஞ்ச பூசும் காலப் பாக்க எட்டிப் பாக்குது
கொழுந்து கிள்ளுன வெரலுக்குள்ள கொஞ்சம் பச்ச ஒட்டுது
கொடுத்தனுப்பும் மக காலில் அதையும் சேத்துப் பூசுது

பிறகு எழுத்து வேலை. நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். அவளுக்குத் தமிழெழுத்து கடைப் பலகை பார்த்துப் பழகியதுதான், எனக்கு இரண்டாம் வகுப்பு. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். எழுத்து ஒவ்வொன்றாக வரவேண்டும் என்று கேட்டேன், நான் படிப்பது அப்படித்தானே. வைத்துப் பார்த்தாள். 'கொழுந்து' வருமுன் கொம்பு மட்டும் வந்து திரையில் தனியாக நின்றது.

"பாவம் மக்களே, துணைக்கு ஆள் வராம நிக்குது," என்றேன். அவள் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாள். வார்த்தை வார்த்தையாகவே வரட்டும் என்று முடிவானது.

அந்த மத்தியானத்தை இப்போது நினைத்தாலும் தூக்கத்துக்குள் நடந்தது போலத்தான் இருக்கிறது. கறுத்த திரைக்குள் அவள் ஏதோ செய்தாள், பச்சை பரவியது. அடியிலிருந்து 'மஞ்சு' என்ற வார்த்தை புளித்த மாவில் குமிழ் எழும்புகிறது போல மெல்ல எழும்பி, கொஞ்சம் ஆடி, நின்றது. பிறகு கலைந்து மேலே போனது. என் வாயிலிருந்து போனதுதான் அது. என் அம்மா வாயிலிருந்தது. இத்தனை காலம் அந்தப் பாட்டுக்கு உருவம் உண்டென்று எனக்குத் தெரியாது. புல்லாங்குழலும் மத்தளமும் அவளே சேர்த்தாள். மத்தளத்தைக் கூட்டி வைத்தாள். சித்தி ஸ்பீக்கர் பெட்டி மேல் கை வைத்தால் தாளத்தின் அடி கைக்குத் தெரியுமாம்.

சிடியை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் மலை ஏறினோம். தங்கை மகள் காசு சேர்த்து வாங்கிய டிவியில் போட்டோம். தங்கை என்னைவிட மூன்று வகுப்பு கூடப் படித்தவள், நன்றாக வாசிப்பாள். ஒரு கையை ஸ்பீக்கர் பெட்டிமேல் வைத்துக்கொண்டு பார்த்தாள். 'மஞ்சு' எழும்பியதும் அவள் முகம் விரிந்ததை நான் பார்த்தேன். வாயைத் திறந்தாள். அதற்குள் 'மலைமேல' வந்துவிட்டது. திரும்பவும் போட்டோம். திரும்பவும் அப்படியே.

"எழுத்து ஓடுதுக்கா. நான் பின்னாடியே ஓடுறேன்," என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மருமகள் கண் கலங்கிவிட்டது. "குரலும் எழுத்தும் ஒரே நேரத்துலதான் வெச்சேன் அத்தே. ஒரு இம்மி தெற்றில்லை, தப்பில்லை."

மறுநாள் காலை பஸ் வருவதற்கு முன்னால், வேலைக்குப் போன தங்கையைப் பார்க்கப் பக்கத்து மேட்டில் நின்றேன். பெண்கள் வரிசையாகக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே மஞ்சு, மேலே ஆட்கள். தங்கை கை நிறையக் கிள்ளினாள், தோளுக்கு மேலாகக் கூடையில் எறிந்தாள். மறுபடி கிள்ளினாள், எறிந்தாள். நிற்க நிற்க எனக்குள் பாட்டு தானாக ஓட ஆரம்பித்தது, அவள் கைக்குச் சரியாக.

அப்போதுதான் உறைத்தது. இரண்டு பேரும் சேர்ந்து கிள்ளிய அந்தக் காலத்தில் நான் ஒரு அடி பாடி முடித்துக் கொழுந்தை எறிவேன். எறிகிற கையைப் பார்த்துத்தான் அவள் அடுத்த அடியைப் பிடிப்பாள். ஸ்டுடியோவில் நான் நாற்காலியில், கையை மடியில் வைத்துக்கொண்டு, எறிய ஒன்றுமில்லாமல் ஒரே மூச்சாகப் பாடிவிட்டேன்.

மருமகளிடம் சொன்னேன். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, "கூடை இருக்கா அத்தே?" என்றாள்.

கூடை இல்லை. மாவு விற்ற காலத்துச் சாக்கை முதுகில் கட்டிக்கொண்டு, கறிவேப்பிலைக் கொத்து ஒன்றைக் கையில் பிடித்து, மைக் முன்னால் நின்று பாடினேன். அடி முடியும்போதெல்லாம் ஒரு கொத்து இலையைத் தோளுக்கு மேலே எறிந்தேன்.

"ஆரெங்கிலும் ஒருத்தர் வந்து பாத்தா நம்மளைப் பைத்தியம்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாங்க," என்றாள் மருமகள்.

"வரட்டும். அவங்களுக்கும் ஒரு கல்யாண வீடியோ எடுத்துக் குடு."

இந்தத் தடவை அவள் ஒரு கொழுந்து வரைந்தாள். இரண்டு இலையும் ஒரு மொட்டும். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அது திரையின் வலது மூலையில் எழும்பி, வளைந்து பறந்து, இடது பக்கம் போய் விழுந்தது. அது விழுந்த பிறகு ஒரு மூச்சு. அதற்குப் பிறகுதான் வார்த்தை.

நலுங்கு அன்று லயத்து வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. புது சிடி கொண்டுவந்திருக்கிறோம் என்று தங்கையின் கையில் எழுதினேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மகளுக்கு எதிரே மணையில் உட்கார்ந்து கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். டிவியை டிரங்குப் பெட்டி மேல் தூக்கி வைத்து, என் குரல் கேட்காதபடி சத்தத்தை அணைத்தோம்.

மாப்பிள்ளையின் அம்மா எல்லாருக்கும் கேட்க, "நலுங்குன்னு சொன்னாங்க, இங்க சினிமால்லா போடுதாவ! முறுக்கு உண்டா, கடலை உண்டா?" என்றாள். அவர்கள் பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். தங்கைக்குக் கேட்கவில்லை, ஆனால் சிரிப்பு தெரிந்தது. என்னைப் பார்த்தாள். நான் பாடிவிடுவேனோ என்று பார்த்தாளா, பாட மாட்டேனா என்று பார்த்தாளா, இன்றைக்கும் தெரியாது. நான் என் வாயை இறுக்கி மூடிக்கொண்டு டிவியைக் காட்டினேன்.

கொழுந்து எழும்பியது. வளைந்து பறந்தது. தங்கையின் வலது கை, அவளுக்கே தெரியாமல், தோள் வரைக்கும் போய்த் திரும்பியது.

"மஞ்சு வந்து..."

குரல் கரகரப்பாக, நாங்கள் பாடும் சுருதிக்கு மேலே எங்கேயோ நின்றது. ஆனால் தொடக்கம் சரியாக விழுந்தது. நாங்கள் பின்பாட்டு எடுத்தோம். அடுத்த கொழுந்து பறந்தது, அவள் பிடித்தாள். மூன்றாவது அடி வந்தபோது அவள் டிவியைப் பார்க்கவே இல்லை. மகளின் காலைப் பார்த்துக்கொண்டு, மஞ்சளைத் தொட்டுத் தொட்டுப் பூசிக்கொண்டு பாடினாள். பூசுகிற கை மெதுவாகப் போனது, பாட்டும் மெதுவாகப் போனது. டிவியில் வார்த்தைகள் அவளை விட்டு முன்னால் போய் முடிந்தன. வெறும் பச்சை மட்டும் நின்றது. மருமகள் ரிமோட்டை எடுக்கப் போனாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"...அதையும் சேத்துப் பூசுது."

முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "சத்தம் கூடிப்போச்சா?" என்று பொதுவாகக் கேட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நகர்ந்து வந்து உட்கார்ந்தாள். தங்கைக்கு அடுத்து முதல் ஆளாக அவள்தான் மஞ்சள் கிண்ணத்துக்குள் கையை விட்டாள்.