பள்ளம் காட்டும் கை

கழக்கூட்டம் டீக்கடையில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் சாயா குடிக்கிறார். பேன்ட்டின் வலதுகால் நுனி சாக்ஸுக்குள் செருகியிருக்கிறது. ஸ்ரீவராகத்திலிருந்து தினமும் சைக்கிளில் ஆபீஸ் வருகிறவராம். நெரிசலில் என் ஆட்டோ இவருக்குப் பின்னால்தான் ஊர்ந்து வந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும், பின்னால் வரும் சைக்கிளுக்குக் காட்டுவதுபோல இடக்கையைத் தாழ்த்தினார். பின்னால் சைக்கிளே இல்லை.

"யாருக்குக் கை காட்டுறீங்க?" என்கிறேன்.

"ஆத்துக்காரிக்கு. ரெண்டு பேரும் சேர்ந்துதான் வருவோம். இப்போ அவளுக்கு டப்ளின்ல ஜோலி கிடைச்சுடுத்து. இந்தக் கைக்கு அது மனசிலாகலை, கேட்டேளா."

"அங்கேயும் சைக்கிள்தானா?"

"ஆமாம். ரோட்ல பள்ளமே இல்லையாம். ஆனாலும் முன்னால ஒரு கையைத் தேடறாளாம்."

கிளாஸை வைத்துவிட்டு ஏறுகிறார். கடை வாசலிலேயே ஒரு பள்ளம். அவர் கை தாழ்கிறது.