வலப்பக்கத்து மலை

வரைபடத்தைக் கையில் கொடுத்தால் எங்கள் ஊர்க்காரர்கள் முதலில் அதைத் திருப்புவார்கள். வடக்கு மேலே இருக்கும்படி அச்சடித்த தாளை, மலை வலது கைப் பக்கம் வரும்வரை சுற்றுவார்கள். கிரிவலத்தில் மலை எப்போதும் வலப்பக்கம்தான். நடந்து நடந்து உடம்புக்கு அதுவே திசையாகிவிட்டது. முதல் முறை நானும் அப்படித்தான் திருப்பினேன்.

வனத்துறையில் கோடைக்குக் காட்டுத்தீக் காவலுக்குத் தற்காலிக ஆட்கள் எடுத்தார்கள். மலையேறும் குழுக்களோடு அலைந்தவன் என்பதால், திசைகாட்டி பார்க்கச் சொல்லிக்கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. சாம்பார் வாடை போகவில்லை.

அடி அண்ணாமலையிலிருந்து வந்த பெண் ஒருத்தி முன்வரிசையில் உட்காருவாள். நாற்பது வயதிருக்கும். பௌர்ணமி தோறும் பாதையோரம் சுக்குக் காபி விற்றவள். சாலையை அகலப்படுத்தியபோது கடை போய்விட்டது. கணவன் இல்லை, மகளுக்குக் கல்லூரியில் இன்னும் ஒரு வருடம். இந்த வேலை அவளுக்குக் கிடைத்தாக வேண்டும்.

தாளை அவள் மறுபடியும் மறுபடியும் திருப்பினாள். பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரன் சீண்டினான்.

"யக்கா, மலை மட்டும் நகர்ந்துச்சுன்னா நீ தொலைஞ்ச."

"மலை எங்கடா நகரப் போவுது? உன் ஆட்டோதான் நகரவே மாட்டேங்குது."

கூடம் சிரித்தது. ஊசியை நம்புங்கள், கண்ணுக்குத் தெரிவதை அதன் பிறகு நம்புங்கள் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

தேர்வு கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் புதர்க்காட்டில். வைத்தவர் வனத்துறை அதிகாரி. நான் ஓரமாக நின்றேன். மாசிப் பனி இறங்கியிருந்தது. ஒவ்வொருவராக வடமேற்கே நடந்து ஒரு குட்டையை அடைய வேண்டும். உச்சிப் பொழுதுக்குள் வந்தவர்களுக்கு வேலை. ஆட்டோக்காரன் வந்துவிட்டான். மற்றவர்களும் வந்தார்கள். அவள் வரவில்லை.

பனி விலகி வெயில் ஏறிய பிறகு அவள் போன் செய்தாள். வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு தார்ச்சாலையில் நின்றிருந்தாள். உச்சிப் பொழுது தாண்டியிருந்தது. வேனில் போய் அழைத்து வந்தோம். சேலையெல்லாம் முள் கிழித்திருந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் சார் போனேன். நடுவுல பனி வெலகி மலை தெரிஞ்சுது. ஊசி அத வடக்குன்னு காட்டுது. நம்ம மலை இங்கேர்ந்து வடக்கே இல்லன்னு மேப்ல இருக்கு. ஊசிதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். பழக்கத்துல மலைய வலது கையில வச்சிக்கினு நடந்தேன்."

அவள் பார்த்தது வெறும் பாறைக்குன்று. அந்தப் பக்கத்தில் அதுபோல நிறைய உண்டு.

அதிகாரி அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது வேன் ஒரு மேட்டில் ஏறியது. எங்கள் மலை தெரிந்ததும் ஆட்டோக்காரன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அவள் திசைகாட்டியை உள்ளங்கையில் தட்டையாக வைத்து, ஊசி நிற்கும்வரை காத்திருந்தாள்.

"தென்மேற்கு. சரிதானே சார்?"

"சரிதாம்மா."

அவள் அதை மூடி என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.