கழற்றிப் பூட்டும் ஸ்ராண்ட்

பாலை மரத்தில் துளை போடும்போது மெல்லிய கருகல் மணம் ஒன்று எழும். அடுப்பில் ஏதோ அடிப்பிடித்துவிட்டது என்று குசினிக்குள் ஓடிய அம்மா, கோபத்தோடு திரும்பி வந்தார். அந்த மணத்தில்தான் எங்கள் மீன்தொட்டியின் கதை எனக்குத் தொடங்குகிறது.

சண்டை ஓய்ந்து உருத்திரபுரத்துக்குத் திரும்பி வந்து, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டுக்குச் சீமெந்துத் தரையும் போட்டு முடித்திருந்த காலம். அப்பா வயலோடு சேர்த்து, கிளிநொச்சியில் ஒரு வெளிநாட்டுத் தொண்டு 'நிறுவன'த்துக்குக் காவலுக்கும் போய்வந்தார். அந்த நிறுவனம் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பியபோது மற்றவர்களுக்குக் கதிரை, மின்விசிறி என்று கொடுத்துவிட்டு, யாருக்கும் வேண்டாத பெரிய கண்ணாடித் தொட்டியை அப்பாவின் தலையில் கட்டிவிட்டார்கள். சிறுபிள்ளையான நான் உள்ளே படுத்துக் கால் நீட்டலாம், அவ்வளவு நீளம்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, எந்தப் பொருளைக் கண்டாலும் முதலில் தூக்கிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்திருந்தது. அலுமாரி வேண்டாம், பெட்டி போதும். கட்டில் வேண்டாம், பாய் போதும். "தூக்கிக்கொண்டு ஓடேலாத சாமான் எங்களுக்கு என்னத்துக்கு?" என்பார். அப்பாவும் அதே ரகம்தான். தண்ணீர் நிறைத்தால் எங்கள் மேசை நொறுங்கிவிடும் என்று தெரிந்து, பழைய பாலைச் சட்டங்களில் தொட்டியைத் தாங்க ஒரு 'ஸ்ராண்ட்' செய்யத் தொடங்கியவர், ஓர் ஆணிகூட அடிக்காமல் எல்லா மூட்டுகளையும் துளையிட்டு நட்டும் போல்ட்டும் போட்டு இறுக்கினார். அவசரமென்றால் கழற்றிக் கட்டிச் சைக்கிளில் ஏற்றிவிடலாமாம். கண்ணாடித் தொட்டியை எதில் ஏற்றுவது என்று வீட்டில் யாருமே கேட்கவில்லை.

ஸ்ராண்ட் ஆடினால் தொட்டியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுவதாக அம்மா சொல்லிவிட்டார். வவுனியாவில் தங்கமீன் வாங்கித் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்ததால் நான் வேண்டாத தெய்வமில்லை.

ஒரு ஞாயிறு காலை கிணற்றிலிருந்து அள்ளி அள்ளி ஊற்றினோம். பாதித் தொட்டி நிறைந்ததும் ஸ்ராண்ட் ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்து, பிறகு மறுபக்கம் சாய்ந்தது. தண்ணீர் தளும்பி அம்மாவை நனைத்தது. அப்பா தொட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்க, நாங்கள் வாளியால் இறைத்தோம். போல்ட்டுகளை இன்னும் இறுக்கிவிட்டு மறுபடி ஊற்றினோம், மறுபடி ஆடியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா நனைந்த உடுப்பைப் பிழிந்தபடி சுற்றி வந்து பார்த்தார்.

"பின்னால குறுக்குச் சட்டம் வைச்சு அடிச்சால் நிக்கும்."

"அது எனக்கும் தெரியும். ஆணி அடிச்சால் பிறகு கழற்றேலாது," என்றார் அப்பா. "ஓடவேண்டி வந்தால் என்ன செய்யிறது?"

அம்மா முற்றத்தில் மிஞ்சிக் கிடந்த சட்டத்தை எடுத்து வந்து, குறுக்காக வைத்து, முழங்காலால் அமர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"கழற்ற வேண்டாம். அடியுங்கோ."

பாலை மரத்தில் ஆணி லேசில் இறங்காது. சில வளைந்து போயின. அப்பா புதிது எடுத்து அடித்தார். அம்மா பிடியை விடவே இல்லை. பின்னேரம் தொட்டி கழுத்துவரை நிறைந்து, அசையாமல் நின்றது. தங்கமீன் வரப்போகிறது என்ற சந்தோஷத்தில் நான் வீட்டைச் சுற்றி ஓடினேன். எனக்கு அன்றைக்கு விளங்கியது அவ்வளவுதான்.

அந்தத் தங்கமீன்கள் எப்போதோ செத்துப்போய், தொட்டியில் இப்போது கப்பி மீன்கள் திரிகின்றன. வீட்டில் அலுமாரியும் வந்துவிட்டது, கட்டிலும் வந்துவிட்டது. ஆனாலும் கதவுக்குப் பின்னால் ஒரு தடித்த துணிப்பை மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது. பிறப்புப் பத்திரங்களும் மாற்றுடுப்பும் போட்டு, எடுத்த கையோடு ஓடலாம் என்று அம்மா வருடக்கணக்காக ஆயத்தமாக வைத்திருந்த பை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அதைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன்.

"வெட்டித் தைச்சு வாசல்ல போட்டிட்டன்," என்றார் அம்மா, மீனுக்குத் தீன் போட்டபடி. "நீ இப்ப கால் துடைச்சுக்கொண்டு வந்தது அதிலதான்."