வெளிச்சத்தில் பார்க்கச் சொன்ன அப்பா

உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வயல்களிடையே பிறந்து, ஆரையம்பதியில் அம்மாவைக் கைப்பிடித்து, எங்கள் மூவரையும் ஆளாக்கிய அப்பா பிரிந்து ஓராண்டாகிறது. வெள்ளத்தில் போன வேளாண்மையையும் இடம்பெயர்ந்த காலங்களையும் பொறுமையோடு கடந்தவர். எதையும் கேட்டறியக் கூச்சப்படாதவர். அந்தக் குணத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

அறுவடைக் காலத்தில் அப்பாவும் சித்தப்பாவும் வயல்வெளியான வட்டையிலேயே வாடிக் குடிசை போட்டுத் தங்குவார்கள். விடியுமுன் இருட்டோடு ஒதுங்கிவிட்டு வருவதே அங்கு வழக்கம். என்ன போனது என்று யாரும் பார்ப்பதில்லை. மலத்தோடு இரத்தம் போவதை அப்பா வீட்டுக்கு வந்த பிறகே கண்டார். மூலச்சூடு என்று தயிரும் இளநீரும் எடுத்தார். சில நாள் மலச்சிக்கல், சில நாள் வயிற்றோட்டம். களைப்பை வேலைக் களைப்பு என்றார். ஒருநாள் வயிறு ஊதி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாமல் போனது. பெருங்குடலை அடைத்திருந்தது புற்றுநோய். அதை வெட்டியெடுத்து, மலம் வெளியேற வயிற்றில் வழி திறந்து பை பொருத்தினார்கள்.

கண் விழித்ததும் அப்பா அந்தக் குடல்வாயைத்தான் பார்த்தார். சிவந்து, ஈரமாக இருந்தது. பக்கத்தில் நின்ற தாதியிடம் கேட்டார்:

“மிஸ், தொட்டா நோகல்லையே, ஏன்?”

“குடலுக்கு வெட்டு நோவு தெரியாது ஐயா. அதுதான் உள்ளுக்குள்ள வளர்ந்ததும் தெரியல்ல.”

அப்பா யோசித்துவிட்டு என்னிடம் சொன்னார்: “பெரிய வாய்க்கால் அடைச்சா பக்கத்தால வெட்டி விடுறதுதானே மகள். டொக்டரும் வயல்காரன்தான்.”

பை மாற்றுவதை அவரே பழகி, மறுபோகம் வயலுக்கும் போனார். பின்பு நோய் ஈரலுக்குப் பரவியது. அந்த நாட்களில்தான் சித்தப்பாவுக்கும் இரத்தம் போவது தெரிய வந்தது. கூடப்பிறந்தவருக்கு வந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு அதிகம் என்று மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் நான் சொன்னேன். சித்தப்பா கேட்கவில்லை.

“எனக்கு மூலம்தான் அண்ணன். தயிர் சாப்பிட்டா நிண்டிரும்.”

“நானும் ஒரு பட்டி மாட்டுத் தயிரை முடிச்சவன்டா.” அப்பா சட்டையைத் தூக்கிப் பையைக் காட்டினார். “மூலமெண்டா அவங்க சொல்லட்டும். நீ சொல்லாத.”

“அதுக்குள்ள கமரா விடுவாங்களாம். ஊர் சிரிக்கும்.”

“ஊர் அங்க வந்து எட்டிப் பார்க்காது. போடா.”

சித்தப்பா போனார். மூலமும் இருந்தது, அதற்கு மேலே குடலில் ஒரு சிறு தசை வளர்ச்சியும் இருந்தது. புற்றாக மாறுமுன்பே, கமரா விட்டபோதே அதை அகற்றிவிட்டார்கள். செய்தி வந்தபோது அப்பாவால் எழும்ப முடியவில்லை. ஆனாலும் சித்தப்பாவிடம் கேட்டார்:

“உள்ளுக்க இருட்டுத்தானே. எப்பிடிப் பார்த்தாங்க?”

“கமரா நுனியில லைட் இருக்கு அண்ணன்.”

“ஆ… லைட் இருக்கா. இனி நீயும் வெளிச்சத்தில பார்த்துப் போ,” என்றார். அந்த விளக்கு எவ்வளவு பெரியது, வளைவில் எப்படித் திரும்பும் என்று மாலை வரை கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரமே அமைதியாகக் கண்மூடினார்.

பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், வயலைப் பார்த்துக்கொண்ட அயலவருக்கும், இன்றைய கிரியைகளில் கூடிய உறவுகளுக்கும் எங்கள் நன்றி. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் யாருக்காவது இரத்தம் போனாலோ, மலம் போகும் முறை மாறி நிலைத்தாலோ, காரணமின்றி மெலிந்தாலோ தயவுசெய்து வைத்தியரிடம் காட்டுங்கள். வயிறு ஊதி வாந்தியும் வந்தால் அன்றே போங்கள்.

இந்தப் போகமும் சித்தப்பா வட்டைக்குப் போனார். வாடிக்குப் பின்னால் முதலில் கட்டியது ஒரு மலசலகூடம். அதற்குள் ஒரு லைட்டும் பொருத்தியிருக்கிறார்.