லீக்ஸ் பாத்தியில் ஊன்றிய பலகை

இலங்கை மலைநாட்டில் எங்கள் ஆட்களின் வாக்குரிமை பறிபோய் ஐந்தாறு வருடங்கள் ஆகியிருக்கும். லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் ஒரே ஆசிரியர். பள்ளிக்குக் கீழே, அறைக்கு ஒரு குடும்பமாகத் தொழிலாளர்கள் இருக்கும் எட்டுக் காம்பரா லயம் ஒன்று. அதன் பின்புறம், ஓடையோரம், தேயிலை பிடிக்காத ஈரச் சரிவு. எட்டு வீட்டாரும் சேர்ந்து அங்கே மரக்கறி போட்டுப் பங்கிட்டுக்கொள்ளத் தோட்டத்தை நடத்தும் துரை அனுமதித்திருந்தார். வேலை நாளில் யாரும் அங்கே மண்ணைத் தொடக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

பாத்திகளை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வெட்டினார்கள். ஆனால் வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் நாற்று ஒரு செவ்வாய் மாலை வந்து சேர்ந்தது. ஞாயிறு வரை வைத்தால் வாடிப்போகும். கடைசிக் காம்பராவில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி, மூன்று பிள்ளைகளோடு தனியாக இருந்தாள். புதன் காலை பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டு, எட்டு வீட்டு நாற்றையும் அவளே நட்டு முடித்தாள்.

எனக்கு எதற்கும் தேதி வேண்டும். அன்று மாலையே தேயிலைப் பெட்டிப் பலகைத் துண்டொன்றில் ‘லீக்ஸ்’ என்றும், கீழே நட்ட தேதியும் கிழமையும் தார் தொட்டு எழுதி, பாத்தியின் தலைமாட்டில் ஊன்றினேன். எப்போது பிடுங்கலாம் என்று கணக்கு வைக்க உதவுமே என்று நினைத்தேன். எழுத்து அழகாக இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள்.

ஆறு வாரம் கழித்து, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு அந்தப் பக்கம் வந்தவர் பலகையைப் படித்தார். ஆபீசுக்குப் போய், தினமும் யார் வேலைக்கு வந்தார்கள் என்று பதியும் செக்ரோலைப் புரட்டினார். அந்தப் புதன்கிழமை லயத்தில் வேலைக்கு வராதவள் அவள் ஒருத்திதான். மறுநாள் அவளை ஆபீஸ் வாசலில் நிறுத்தினார்கள். நானும் போனேன்.

“பலகையில தேதி தப்புங்க. நாந்தான் மாத்தி எழுதிட்டேன்” என்றேன்.

கண்டாக்கு சிரித்தார். “மாஸ்டர், மழ எத்தன மணிக்கு விட்டுச்சுன்னு எழுதி வெக்கிற ஆளு நீங்க. என்னைக்கு மழ பேஞ்சுச்சுன்னு தெரியணும்னா ஆபீசுலேயே ஒங்க டயரியத்தான் கேக்குறோம். நீங்களா தேதிய மாத்தி எழுதுவீங்க? வேற யாராச்சும் சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்.”

அவள் குறுக்கிட்டாள். “காச்சக்காரி நட்ட நாத்துல ஒண்ணுகூட சாகலீங்கய்யா. அத வந்து பாத்துட்டுச் சொல்லுங்க.”

அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. துரைக்குப் பெரிய மனசு என்றார்கள். சரிவை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார். மூன்று நாளில் காலி செய்ய வேண்டும். லீக்ஸ் அப்போது பென்சில் தடிப்புக்குத்தான் வந்திருந்தது. எட்டு வீட்டாரோடு நானும் குனிந்து பிடுங்கினேன். பங்கு பிரித்தபோது ஒரு வீட்டுக்கு ஒரு நேரக் கறிக்குக்கூடக் காணவில்லை.

கடைசியில் அவள் பலகையை அசைத்து உருவி, மண்ணைத் தட்டிவிட்டு என்னிடம் நீட்டினாள்.

“இது இல்லாட்டியும் வளந்திருக்கும் மாஸ்டர்.”

வாங்கிக்கொண்டேன். அன்றைய டயரிப் பக்கத்தில், பிற்பகல் மூன்றுக்கு மழை தொடங்கியது என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.