எங்கள் தெருவுக்கு வந்த உண்ணி

என் வீட்டுக்காரருக்குத் தெரு வைத்த பெயர் உண்ணி வாத்தியார். பாடம் எதுவும் நடத்துவதில்லை. காட்டோரப் புல்லின்மேல் வெள்ளைத் துணியை இழுத்துக்கொண்டு நடப்பார். அதில் ஒட்டும் உண்ணிகளை எண்ணுவார். பிறகு ஆராய்ச்சி நிலையத்தில் உட்கார்ந்து, முட்டையில் எத்தனை பொரியும், ரத்தம் கிடைக்காமல் எத்தனை சாகும், மானோடும் பறவையோடும் எவ்வளவு தூரம் போகும் என்று கணினியில் கணக்குப் போட்டு, அடுத்த வருஷம் எங்கே பெருகும் என்று சொல்வார். வீட்டில் உப்பு தீரப்போவதை மட்டும் ஒருநாளும் முன்கூட்டிச் சொன்னதில்லை.

அந்தக் கணக்குப்படி எங்கள் தெருவில் உண்ணி இருக்கவே முடியாது. காடு அவ்வளவு தூரம். ஆனால் பக்கத்து வீட்டு பஸ் டிரைவரின் மகளுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். டிரைவர் இவரிடம் வந்து கேட்டார்.

"ஏதாவது மிருகம்தான் கொண்டுவந்திருக்கணும் அண்ணே. வேற வழியில்ல," என்றார் இவர்.

தெருவில் இருந்த ஒரே மிருகம் டிரைவர் வீட்டு நாய். "படிச்சவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மறுநாளே அதைக் காப்பகத்தில் விட்டுவந்தார். அந்தப் பெண் எங்கள் வீட்டுப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

ஒரு சாயங்காலம் கொடியில் துணி எடுக்கப் போனேன். பின்பக்கம் இரண்டு வீட்டுக்கும் ஒரே கொடி. இவர் துவைத்துக் காயப்போட்ட, காட்டோரம் இழுக்கும் வெள்ளைத் துணியின் மடிப்பில் எள்ளளவு உண்ணி ஒன்று நகர்ந்தது. கூப்பிட்டுக் காட்டினேன். அந்தத் துணியைக் கூடாரமாக்கி அதனடியில்தான் நாயும் அந்தப் பெண்ணும் விளையாடுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் முகம் செத்துப்போனது.

"மான், பறவை, எலி எல்லாத்தையும் கணக்குல சேர்த்தேன். என்னைச் சேர்க்கல," என்றார். பிறகு தலையைத் தூக்காமல், "பறவைன்னு சொல்லிடலாமா?" என்றார்.

"பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு இருக்கப் போறீங்களா?" என்று கேட்டேன். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினார்.

டிரைவர் வீட்டு வாசலில் நின்று இவர் எல்லாவற்றையும் சொன்னார். டிரைவர் நம்பவில்லை. "சும்மா மனசு சமாதானத்துக்குச் சொல்றீங்க சார். உங்க கணக்கு தப்புமா? மிருகம்னு நீங்கதானே சொன்னீங்க."

"கணக்கு சரிதான் அண்ணே. அந்த மிருகம் நான்தான்."

டிரைவர் ஆணியில் தொங்கிய நாய்ச்சங்கிலியை எடுத்து இவர் கையில் கொடுத்து, "வாங்க, கூட்டிட்டு வருவோம்," என்றார்.

அந்தப் பெண் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தாள். இன்னும் மெலிந்துதான் இருந்தாள்.

"மாமா, அதைத் தூக்குறதுக்கு முன்னாடி உங்க பேண்ட்டை நல்லா உதறிக்குங்க," என்றாள்.

எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இவர் வாசலில் நின்று ஒவ்வொரு காலாக உதறினார்.